காட்டு விலங்குக் கறி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மான், காட்டுப்பன்றி, கங்காரு, முதலை, தீக்கோழி, கரடி என்று வழக்கமில்லாத கறிகளைப் பற்றி என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேருக்கு ஆசை, பாதிப் பேருக்குப் பயம். இரண்டுமே நியாயம்தான். பல வருடங்களாக இந்தக் கறிகளை வாங்கிச் சமைத்துச் சாப்பிடுகிறவன் நான், அதனால் சாப்பிடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. என்ன விலங்கு, எங்கிருந்து வந்தது, யார் அறுத்தது என்ற மூன்றும் தெரியாமல் ஒரு துண்டைக்கூட வாயில் வைக்காதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. கேட்கப்பட்ட கேள்விகளையும் அவற்றுக்கு என் பதில்களையும் கீழே தருகிறேன்.

காட்டு விலங்குக் கறி என்றால் காட்டில் வேட்டையாடியதுதானே?

பெரும்பாலும் இல்லை. உணவக மெனுவில் மான் என்று போட்டிருந்தால் அது பண்ணையில் வளர்ந்த மானாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் வேட்டைக்காரர் சுட்ட மானின் கறியை விற்க ஏறக்குறைய எங்குமே அனுமதி கிடையாது. சுட்டவர் சாப்பிடலாம், நண்பருக்குக் கொடுக்கலாம், காசு வாங்கக் கூடாது. 19ஆம் நூற்றாண்டில் சந்தைக்காகவே வேட்டையாடி விலங்குகளையும் பறவைகளையும் கூட்டம் கூட்டமாகத் துடைத்தெடுத்ததால் வந்த தடை அது. அதனால் அங்கே விற்கும் மான் கறியில் கணிசமான பங்கு நியூசிலாந்தின் மான் பண்ணைகளிலிருந்து வருகிறது. தீக்கோழி, முதலை, பைசன் என்ற அமெரிக்கக் காட்டெருமை எல்லாமும் இன்று முக்கியமாகப் பண்ணைச் சரக்குதான்.

கங்காரு இதற்கு நேரெதிர். அதற்குப் பண்ணையே இல்லை. ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு வருடமும் எண்ணிக்கையைக் கணக்கெடுத்து இத்தனைதான் சுடலாம் என்று உச்சவரம்பு வைக்கிறார்கள், உரிமம் உள்ளவர்கள் இரவில் போய்ச் சுடுகிறார்கள்.

பண்ணை விலங்கு என்றால் வயது தெரியும், தீனி தெரியும், அறுக்கும் இடத்தில் பரிசோதனை நடந்திருக்கும். காட்டு விலங்கு என்றால் அது நேற்று எதைத் தின்றது என்றுகூட யாருக்கும் தெரியாது. கீழே வரும் ஆபத்துகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டாவது வகையைப் பற்றியவை.

எல்லாமே கோழிக்கறி மாதிரி இருக்கும் என்கிறார்களே, உண்மையா?

முதலை, தவளை, இகுவானா, பாம்புக்குப் பொருந்தும். மற்றவற்றுக்குப் பொருந்தவே பொருந்தாது.

கறியின் நிறத்துக்கும் ருசியின் ஆழத்துக்கும் முக்கியக் காரணம் தசையில் ஆக்சிஜனைச் சேர்த்து வைக்கும் மயோகுளோபின் என்ற புரதம். நிற்காமல் உழைக்கும் தசையில் அது நிறைய இருக்கும், திடீரென்று ஒரு பாய்ச்சல் பாய்ந்துவிட்டு ஓய்ந்து கிடக்கும் தசையில் குறைவாக இருக்கும். கோழி பறப்பது ஒரு நொடி, அதனால் அதன் நெஞ்சுக்கறி வெள்ளை. காட்டு வாத்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறக்கும், அதன் நெஞ்சுக்கறி ஈரல் நிறத்தில் இருக்கும். தீக்கோழி பறவைதான், ஆனால் வாழ்நாள் முழுக்க ஓடுகிற அதன் தொடைக்கறியைக் கண்ணைக் கட்டிக்கொண்டு சாப்பிட்டால் மாட்டுக்கறி என்றே சொல்வீர்கள். கங்காருவும் அடர் சிவப்புதான், மான் கறிக்குப் பக்கத்தில் வரும்.

ருசியைக் கவனமாகக் குறித்து வைத்தவர்களில் எனக்குப் பிடித்தவர் சார்லஸ் டார்வின். பீகிள் கப்பல் பயணத்தில் பியூமா என்ற பெரிய காட்டுப்பூனையைச் சாப்பிட்டுவிட்டு, வெள்ளைக் கறி, கன்றுக்குட்டிக் கறியைப் போலவே இருக்கிறது என்று எழுதினார். அதே பயணத்தில், 1834இல், தென் அமெரிக்காவின் படகோனியாவில் சுட்டுக் கொண்டுவந்த, தீக்கோழி போன்ற ரியா பறவையைச் சமைத்து ஏறக்குறைய தின்று முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது: பல மாதங்களாகத் தேடிக்கொண்டிருந்த சிறிய வகை ரியா அதுதான்! தலை, கழுத்து, கால்கள், இறக்கைகள், மிச்சமிருந்த தோல் என்று கிடைத்ததை எல்லாம் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார். அங்கே அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

வீச்சம் அடிக்குமே? அதைப் போக்க வழி உண்டா?

உண்டு, ஆனால் வழி சமையலறையில் தொடங்குவதில்லை. விலங்கு சாகும் நிமிடத்தில் தொடங்குகிறது.

துரத்தித் துரத்திக் களைக்க வைத்துச் சுட்ட விலங்கின் தசையில் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு காலியாகி இருக்கும். செத்த பிறகு அந்தச் சர்க்கரைதான் அமிலமாக மாறிக் கறியைப் பக்குவப்படுத்த வேண்டும். அது இல்லாததால் கறி கருத்து, இறுகி, பிசுபிசுப்பாக ஆகிவிடும், சீக்கிரம் கெட்டும் போகும். எதிர்பாராத கணத்தில் ஒரே குண்டில் விழுந்த மானின் கறிக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. அடுத்தது குடல். உடனே எடுக்காவிட்டாலும், குண்டு வயிற்றில் பட்டுக் குடல் கிழிந்தாலும் கறி முழுக்க வாடை ஏறும், கிருமியும் ஏறும். அப்புறம் குளிர வைப்பது. தோலோடு வெயிலில் கிடந்த உடலை எந்த மசாலாவாலும் மீட்க முடியாது.

இதெல்லாம் சரியாக நடந்திருந்தால் மிச்சம் வாடை பெரும்பாலும் கொழுப்பில்தான் இருக்கும். மாட்டின் கொழுப்புதான் ருசி. மானின் கொழுப்போ மெழுகு போல மேலண்ணத்தில் ஒட்டும், அதில்தான் அந்தக் காட்டு வாடையும். எனவே கொழுப்பையும் மேலே போர்த்திய வெள்ளி நிற ஜவ்வையும் பொறுமையாக வெட்டி எடுத்துவிடுங்கள்.

வயதான ஆண் காட்டுப்பன்றி தனி ரகம். ஆண்ட்ரோஸ்டினோன், ஸ்கேட்டோல் என்ற இரண்டு பொருட்கள் அதன் கொழுப்பில் சேர்ந்து மூத்திர நெடி போல வரும். இதில் ஆச்சரியம் என்னவென்றால் ஆண்ட்ரோஸ்டினோன் வாடையைப் பிறவியிலேயே உணர முடியாதவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். ஒரே தட்டில் ஒருவர் ரசித்துச் சாப்பிட, பக்கத்தில் இருப்பவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போவது நடிப்பு அல்ல.

ஊறவைப்பது பற்றி ஒரு வார்த்தை. தயிர், எலுமிச்சை, வினிகர் எதுவானாலும் மேற்பரப்பில் கொஞ்சம்தான் இறங்கும். வாடையை ஓரளவு மறைக்கும், நீக்காது. இரண்டு மூன்று நாள் புளிப்பில் போட்டுவைத்தால் மேல்பக்கம் குழைந்து மாவாகிவிடும், உள்ளே அப்படியே இருக்கும்.

மான் கறி சமைத்தேன், கட்டை மாதிரி ஆகிவிட்டது. என்ன தப்பு?

நானும் அதே தப்பைத்தான் செய்தேன். முதன்முதலில் கிடைத்த மான் முதுகுக்கறியை, ஆட்டுக்கறி பழக்கத்தில், குக்கரில் போட்டு விசில் விசிலாக வேகவிட்டேன். வறண்ட மரத்தூள் போல வந்தது. அவ்வளவு நல்ல கறியை வீணாக்கிவிட்டோமே என்று அன்று மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது.

மான் கறியில் 100 கிராமுக்குக் கொழுப்பு 2 அல்லது 3 கிராம்தான், கங்காருவிலும் அப்படித்தான். ஈரத்தைத் தக்கவைக்க உள்ளே கொழுப்பே இல்லாததால் கொஞ்சம் அதிகம் வெந்தாலும் சாறு முழுக்க வெளியேறி, ஈரல் போல ஒரு ருசியும் வந்துவிடும். எனவே கறி விலங்கின் எந்த இடத்திலிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள். முதுகெலும்பை ஒட்டிய நீளத் தசை அதிகம் வேலை செய்யாதது. அதற்கு நன்றாகக் காய்ந்த கனமான வாணலி, அதிகத் தீ, சில நிமிடங்கள், இறக்கிவைத்துக் கொஞ்ச நேரம் ஓய்வு, பிறகு நார் ஓடும் திசைக்குக் குறுக்கே வெட்டு, அவ்வளவுதான். கால்தண்டு, கழுத்து, தோள்பட்டை எல்லாம் ஓயாமல் உழைத்த பகுதிகள், கொலாஜன் என்ற இணைப்புத் திசு நிறைந்தவை. அவற்றைச் சிறுதீயில் மணிக்கணக்கில் ஈரத்தோடு வேகவைத்தால் அந்தக் கொலாஜன் ஜெலட்டினாகக் கரைந்து குழம்பே கெட்டியாகும். என்னைக் கேட்டால் முதுகுக்கறியைவிட இதுதான் ருசி.

ஒரே ஒரு பொருள் வாங்குங்கள் என்றால் கறிக்குள் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டரைச் சொல்வேன். ருசிக்கும் அது வேண்டும், உயிருக்கும் அது வேண்டும். அடுத்த பதிலைப் படியுங்கள்.

காட்டுப்பன்றியையும் கரடியையும் உள்ளே கொஞ்சம் சிவப்பாக விட்டுச் சாப்பிடலாமா?

கூடவே கூடாது. இதில் விட்டுக்கொடுப்பே இல்லை.

டிரிக்கினெல்லா என்று ஒரு புழு. மற்ற விலங்குகளைத் தின்னும் விலங்குகளின் தசைக்குள், கண்ணுக்குத் தெரியாத சுருளாக உட்கார்ந்திருக்கும். கரடி, காட்டுப்பன்றி, வால்ரஸ், பியூமா எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். கறியோடு உள்ளே போனால் குடலில் வளர்ந்து குட்டி போடும், அந்தக் குட்டிகள் நம் தசைகளுக்குள் இறங்கும்.

2022 ஜூலையில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஒரு குடும்பம் ஒன்றுகூடியபோது நடந்ததைச் சொல்கிறேன். கனடாவில் வேட்டையாடிய கருங்கரடியின் கறியை 45 நாள் உறைபெட்டியில் வைத்திருந்து, காய்கறிகளோடு கம்பியில் கோத்துச் சுட்டார்கள். கறி இயல்பிலேயே கருப்பு என்பதால் வெந்ததா இல்லையா என்று கண்ணால் தெரியவில்லை. சிலர் சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் உள்ளே பச்சையாக இருப்பதைக் கவனித்து மறுபடி சுட்டார்கள். ஆறு பேருக்கு நோய் வந்தது. அந்த ஆறு பேரில் இரண்டு பேர் கறியைத் தொடவே இல்லை, கூடவே சுட்ட காய்கறியை மட்டும்தான் சாப்பிட்டிருந்தார்கள்.

"உறைய வைத்தால் புழு செத்துவிடும்" என்று பலர் நம்புகிறார்கள். பண்ணைப் பன்றியில் வரும் வகை உறைய வைத்தால் சாகும், உண்மை. வடதுருவப் பக்கத்து விலங்குகளில் இருக்கும் டிரிக்கினெல்லா நேட்டிவா என்ற வகை உறைபனியைத் தாங்கும். மேலே சொன்ன கரடியின் மிச்சக் கறியைச் சோதித்தபோது, 15 வாரத்துக்கு மேல் உறைந்து கிடந்த பிறகும் உள்ளே புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. உப்புக்கண்டம் போட்டாலும், புகை போட்டாலும், வெயிலில் காய வைத்தாலும் நம்ப முடியாது. துண்டின் நடுவே 71 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும், நிறத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கறி வெட்டிய பலகையில் கழுவாமல் வேறெதையும் வெட்டாதீர்கள்.

மானை அப்படிச் சாப்பிடலாமா?

மான் புல் தின்னி என்பதால் டிரிக்கினெல்லா கவலை மிகக் குறைவு. ஆனாலும் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கலாம், கங்காருவிலும் இருக்கலாம். கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் நன்றாக வெந்ததை மட்டுமே சாப்பிட வேண்டும். மற்றவர்கள், நம்பகமான பண்ணைக் கறி என்றால், உள்ளே சிவப்பாகச் சாப்பிடுவது அவரவர் முடிவு, நானும் சாப்பிடுகிறேன். கொத்துக்கறி அப்படி அல்ல, வெளிப்பக்கக் கிருமி உள்ளே கலந்துவிடுவதால் எந்த விலங்கானாலும் முழுக்க வேக வேண்டும்.

முற்றிலும் பச்சையாக வேண்டவே வேண்டாம். காட்டு மானைப் பச்சையாகச் சாப்பிட்டவர்களுக்கு ஹெபடைட்டிஸ் ஈ என்ற ஈரல் அழற்சி வந்ததை ஜப்பானிய மருத்துவர்கள் 2003இல் வெளியிட்டார்கள். உறைய வைத்திருந்த மிச்சக் கறியில் இருந்த வைரஸும் நோயாளிகளிடம் இருந்த வைரஸும் ஒன்றாக இருந்தன.

"ஜோம்பி மான்" என்று ஒரு நோய் இருக்கிறதாமே?

அந்தப் பெயர் எனக்குப் பிடிக்காது, ஆனால் நோய் உண்மை. 1967இல் அமெரிக்காவின் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களிடம் முதலில் கவனிக்கப்பட்டது. மான் மெலிந்து, தள்ளாடி, எச்சில் ஒழுகிச் சாகும். காரணம் வைரஸோ பாக்டீரியாவோ இல்லை, பிரையான் என்ற உருக்குலைந்த புரதம். 2016இல் நார்வேயின் காட்டுக் கலைமானிலும் கண்டுபிடித்தார்கள்.

மனிதருக்கு இது தொற்றியதாக இதுவரை உறுதியான ஒரு சம்பவமும் இல்லை. ஆனாலும் மாட்டின் பைத்திய நோய் மனிதருக்கு வராது என்று நினைத்துக்கொண்டிருந்து, 1996இல் வரும் என்று தெரிந்தது நினைவில் இருக்க வேண்டும். பிரையானை வேகவைத்துக் கொல்ல முடியாது. நோய் பரவிய பகுதியில் வேட்டையாடிய மான் என்றால் ஆய்வகச் சோதனை முடிவு வரும்வரை சாப்பிடக் கூடாது. மூளை, தண்டுவடம், நிணநீர்க் கணுக்களை எப்போதுமே ஒதுக்குங்கள்.

குண்டு பட்ட இடத்தைச் சுற்றி வெட்டிப் போட்டால் போதாதா?

ஈயக் குண்டு என்றால் போதாது. அது எலும்பில் பட்டுச் சிதறும்போது தூசி போன்ற துகள்கள் காயத்திலிருந்து வெகுதூரம் வரை தெறிக்கும், பல்லில் கூட உணர முடியாது. 2008இல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில், ஏழைகளுக்காக வேட்டைக்காரர்கள் கொடுத்த மான் கொத்துக்கறிப் பொட்டலங்களை ஒரு மருத்துவர் ஸ்கேன் செய்து பார்த்தார். பாதிக்கு மேற்பட்டவற்றில் உலோகத் துகள்கள் இருந்தன. உணவு வங்கிகள் அந்தக் கறியைக் கொட்டிவிட்டன. குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் எவ்வளவு கெடுதல் என்று சொல்லத் தேவையில்லை. செம்புக் குண்டு இப்படிச் சிதறாது. கலிபோர்னியா 2019இலிருந்து வேட்டைக்கு ஈயக் குண்டையே தடை செய்துவிட்டது. வேட்டைக் கறி யாராவது கொடுத்தால் எந்தக் குண்டு என்று கேளுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ஈரல் சாப்பிடலாமா?

இளம் மானின் ஈரல் அருமை. வயதான மான், மூஸ் போன்றவற்றின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் கேட்மியம் என்ற நச்சு உலோகம் சேர்ந்திருக்கும் என்பதால் அடிக்கடி வேண்டாம்.

துருவக் கரடியின் ஈரல் விஷம். அதில் வைட்டமின் ஏ அவ்வளவு இருக்கிறது. 1597இல், ஆர்க்டிக்கில் மாட்டிக்கொண்ட பாரன்ட்ஸ் என்ற டச்சு மாலுமியின் ஆட்கள் அதைத் தின்று, மூன்று பேருக்குத் தலை முதல் கால் வரை தோல் உரிந்தது என்று கூட இருந்தவர் எழுதி வைத்திருக்கிறார். 1913 ஜனவரியில் அண்டார்டிகாவில் இறந்த ஆய்வுப்பயணி சேவியர் மெர்ட்ஸும், பசிக்கு வண்டி இழுத்த நாய்களின் ஈரலைச் சாப்பிட்டதால்தான் அப்படி ஆனார் என்று பல மருத்துவர்கள் கருதுகிறார்கள். கொழுப்பில் கரையும் வைட்டமின் என்பதால் ஈரலில் தேங்கிவிடும், சமைத்தாலும் போகாது.

தொடவே கூடாத விலங்குகள் எவை?

குரங்கு, சிம்பன்ஸி, கொரில்லா. நமக்கு நெருங்கிய உறவு என்பதால் அவற்றின் கிருமிக்கும் நம் உடம்பு பழகிய வீடு மாதிரி. எச்ஐவி மனிதருக்கு வந்ததே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்கிழக்கு கேமரூன் பக்கம் சிம்பன்ஸி வேட்டையின்போது அதன் ரத்தம் பட்டதால்தான் என்பது ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கும் விளக்கம். 1996இல் கேபான் நாட்டில் காட்டில் செத்துக் கிடந்த சிம்பன்ஸியை எடுத்துவந்து அறுத்தவர்களுக்கு எபோலா வந்தது. ஆபத்து சாப்பிடுவதில் மட்டும் இல்லை, அறுக்கும் கையில்தான் அதிகம் என்பதைக் கவனியுங்கள். செத்துக் கிடந்த எந்த விலங்கையும் எடுக்காதீர்கள். வௌவாலும் வேண்டாம்.

மார்மட் என்ற பெரிய அணில் இனம் பிளேக்கைச் சுமக்கும். 2019இல் மங்கோலியாவில் அதன் பச்சைச் சிறுநீரகத்தைச் சாப்பிட்ட ஒரு தம்பதி இறந்தார்கள், அந்த ஊரையே ஆறு நாள் தனிமைப்படுத்தினார்கள். உடம்பில் ஓடு போர்த்திய ஆர்மடில்லோ தொழுநோய்க் கிருமியைச் சுமக்கும், அமெரிக்காவின் தென் மாநிலங்களில் மனிதரிடமும் அதனிடமும் ஒரே ரகக் கிருமி இருப்பது 2011இல் உறுதியானது.

கடலாமையைச் சட்டமும் தடுக்கிறது, உடம்பும் தாங்காது. சில நேரம் அதன் கறி விஷமாகும், எவ்வளவு வேகவைத்தாலும் போகாது, பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்கவும் முடியாது. 2024 மார்ச்சில் சான்சிபாரின் பெம்பா தீவில் எட்டுக் குழந்தைகளும் ஒரு பெரியவரும் அப்படி இறந்தார்கள்.

எறும்புத்தின்னி, அதாவது அலங்கு, உலகில் உள்ள எட்டு இனங்களுமே அழியும் நிலையில். அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் நாடுகள் 2016இல் எட்டின் வணிகத்தையும் தடை செய்தன. யாராவது மருந்து, சத்து என்று நீட்டினால் மறுத்துவிடுங்கள். அதன் செதில் நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டின்தான்.

பறவை என்றால் பயமில்லைதானே?

பொதுவாக ஆம், நடுவில் 74 டிகிரி வெந்தால். ஆனால் பறவை தின்ற தீனி நம்மைப் பாதிக்கலாம். வலசை போகும் காட்டுக் காடை சில பருவங்களில் விஷத்தைச் சுமக்கும், சாப்பிட்டவருக்குத் தசை சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கும், பழங்காலத்திலிருந்தே தெரிந்த விஷயம் இது. ஆப்பிரிக்காவின் முள்சிறகு வாத்து கொப்புள வண்டுகளைத் தின்று அந்த வண்டின் விஷத்தைக் கறியில் ஏற்றிக்கொள்ளும். பண்ணைக் காடைக்கு இந்தக் கவலை இல்லை.

எனக்குச் சிவப்புக் கறி ஒவ்வாமை. தீக்கோழி சாப்பிடலாமா?

உண்ணி கடித்து வரும் ஆல்பா-கேல் ஒவ்வாமையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஆல்பா-கேல் பாலூட்டிகளில் இருக்கும் ஒரு சர்க்கரை. கறி சாப்பிட்டு 2 முதல் 6 மணி நேரம் கழித்து, நடு ராத்திரியில் உடம்பெல்லாம் தடிக்கும் என்பதால் பலருக்குக் கறிதான் காரணம் என்றே தோன்றாது. மான், பன்றி, முயல், கங்காரு எல்லாமே ஆகாது. பறவையிலும் ஊர்வனவற்றிலும் அந்தச் சர்க்கரை இல்லை, எனவே தீக்கோழி எவ்வளவு சிவப்பாக இருந்தாலும் இந்த ஒவ்வாமைக்குப் பொருந்தும்.

கதிர்வீச்சுள்ள காட்டுப்பன்றி என்பது கட்டுக்கதையா?

இல்லை. ஜெர்மனியின் பவேரியாவில் இன்றும் சில காட்டுப்பன்றிகளின் கறியில் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருளின் அளவு, கிலோவுக்கு 600 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்ற வரம்பைத் தாண்டுகிறது. 1986 செர்னோபில் விபத்துக்குப் பிறகு மானில் குறைந்துவிட்டது, பன்றியில் குறையவில்லை. மண்ணுக்கடியில் விளையும் ஒருவகைக் காளானைப் பன்றி தோண்டித் தின்கிறது, மெல்ல இறங்கும் சீசியம் அந்தக் காளானில்தான் தேங்குகிறது. 1960களை ஒட்டி நடந்த அணுகுண்டுச் சோதனைகளின் சீசியமும் அதில் கணிசமாக இருப்பதை 2023இல் வந்த ஆய்வு காட்டியது. அங்கே கறியை அளந்து பார்த்துத்தான் விற்பார்கள்.

பெயர் ஒன்று, கறி ஒன்று என்று ஏமாற்றுவார்களா?

நிறைய. தென்னாப்பிரிக்காவில் உலர்ந்த வேட்டைக் கறியை மரபணுச் சோதனை செய்து 2013இல் வெளியிட்டபோது, பல பொட்டலங்களில் பெயரில் இருந்த விலங்கே உள்ளே இல்லை. 1951இல் நியூயார்க்கில் ஆய்வுப்பயணிகளின் சங்கம் நடத்திய விருந்தில் பனியில் உறைந்த மாமூத் கறி பரிமாறப்பட்டதாகப் பெரிய பேச்சு. அந்தக் கறியில் ஒரு துண்டு, மெகாதீரியம் என்ற அழிந்துபோன ராட்சதத் தரை ஸ்லாத் விலங்கின் பெயர்ச் சீட்டோடு, ஒரு அருங்காட்சியகத்தில் பாட்டிலுக்குள் இருந்தது. 2016இல் சோதித்துப் பார்த்தால் அது பச்சைக் கடலாமை! துண்டாக வாங்குங்கள், கொத்துக்கறியாக வாங்காதீர்கள், எந்தப் பண்ணை என்று எழுதித் தராத இடத்தில் வாங்கவே வாங்காதீர்கள்.

கொழுப்பில்லாத கறி என்றால் தினமும் அதையே சாப்பிடலாமே?

அதை மட்டுமே சாப்பிட்டால் நோய் வரும். முயலை மட்டும் தின்று பிழைக்கப் பார்த்தவர்களுக்கு வயிறு நிறைந்தும் பசி தீராமல், பேதியும் தலைவலியும் வந்து சோர்ந்து விழுந்ததால் இதற்கு முயல் பட்டினி என்றே பெயர். புரதத்தைப் பதப்படுத்த ஈரலுக்கு ஒரு எல்லை உண்டு. ஆர்க்டிக் பயணி ஸ்டெஃபான்சன் 1928இல் நியூயார்க் மருத்துவமனையில் மருத்துவர்கள் மேற்பார்வையில் வெறும் கொழுப்பற்ற கறியைச் சாப்பிட்டு, சில நாளில் படுத்துவிட்டார், கொழுப்பைச் சேர்த்ததும் தேறினார். அரிசியோ ரொட்டியோ எண்ணெயோ கூட இருந்தால் இந்தப் பிரச்சினை எழவே எழாது.

நாம் சாப்பிடுவதால் இனமே அழிந்துவிடாதா?

அழிந்திருக்கிறது. ஸ்டெல்லர் கடற்பசு என்ற எட்டு மீட்டர் நீள விலங்கை 1741இல் விஞ்ஞானம் முதன்முதலில் பார்த்தது. கறி ருசியாக இருந்தது, ஓடத் தெரியாது. 27 வருடத்தில் ஒன்றுகூட மிச்சமில்லை. வானத்தை மறைக்கும் கூட்டமாகப் பறந்த பயணிப் புறாவின் கடைசிப் பறவை 1914இல் கூண்டில் செத்தது.

எதிர்ப்பக்கமும் உண்டு. அமெரிக்க முதலையான அலிகேட்டரை 1967இல் அழியும் பட்டியலில் சேர்த்தார்கள், 1987இல் மீண்டுவிட்டது என்று எடுத்தார்கள். லூசியானாவில் இன்று சதுப்பு நிலக்காரர்களுக்குப் பணம் கொடுத்துக் காட்டுக் கூடுகளிலிருந்து முட்டை எடுத்துப் பண்ணையில் பொரிக்கிறார்கள், வளர்ந்த குட்டிகளில் ஒரு பங்கைத் திரும்பச் சதுப்பில் விடுகிறார்கள். சதுப்பை மண் போட்டு மூடுவதைவிட அப்படியே வைத்திருப்பது நில உரிமையாளருக்கு லாபம். எண்ணிக்கையை எண்ணுகிறவர்கள் இருக்கும் இடத்துக் கறியைத் தயங்காமல் சாப்பிடுகிறேன், யாரும் எண்ணாத இடத்துக் கறியை எவ்வளவு ஆசை இருந்தாலும் தொடுவதில்லை. பெயர் தெரியாத, "அபூர்வம்" என்று சொல்லி விற்கிற கறி என்றால் அந்தச் சொல்லே எனக்குப் போதும், வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவரலாமா?

வேண்டாம். பெரும்பாலான நாடுகளில் சுங்கத்தில் பறிமுதல்தான், பாதுகாக்கப்பட்ட இனமாக இருந்தால் வழக்கும் வரும். அங்கே சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

வேட்டை முயலை நானே உரிக்கலாமா?

கையுறை போடாமல் வேண்டாம். காட்டு முயலிடமிருந்து துலரேமியா என்ற காய்ச்சல் சின்னக் கீறல் வழியாகவே ஏறும். முயல் மந்தமாக, பிடிக்க எளிதாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஈரலில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் முழு உடலையும் தூக்கிப் போடுங்கள்.

சாப்பிட்டுவிட்டேன், இப்போது உடம்பு சரியில்லை. என்ன செய்வது?

மருத்துவரிடம் போய் முதல் வாக்கியத்திலேயே எந்த விலங்கு, எந்தத் தேதி, எவ்வளவு வெந்தது என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். டிரிக்கினெல்லாவுக்கு முதல் ஓரிரு நாளில் வயிற்றுப்போக்கு வரலாம், வராமலும் போகலாம். ஒன்று இரண்டு வாரம் கழித்துத்தான் காய்ச்சல், கடுமையான தசைவலி, கண்ணைச் சுற்றி வீக்கம் எல்லாம் வரும், அதற்குள் கறி சாப்பிட்டதே மறந்திருக்கும். ரத்தத்தில் இயோசினோஃபில் என்ற வெள்ளையணுக்களின் எண்ணிக்கை ஏறியிருக்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே சரியாகும். கூடச் சாப்பிட்ட எல்லோருக்கும் போன் செய்து சொல்லுங்கள், குழம்பை மட்டும் ஊற்றிச் சாப்பிட்டவர்களுக்கும். உறைபெட்டியில் மிச்சக் கறி இருந்தால் பயத்தில் எறிந்துவிடாதீர்கள், தனியாகக் கட்டி, தேதி எழுதி வையுங்கள், ஆய்வகத்துக்கு அது வேண்டியிருக்கும்.